கழியில் கட்டிய கல்யாணப் புடவை

போன மாசி மகத்தன்று எங்கள் குப்பத்தில் மைக் கட்டிப் பேசினார்கள். பேசியவன் என் வீட்டுக்காரருக்குப் பங்காளி வழியில் பேரன். படித்த பிள்ளை, குரலும் நல்ல குரல். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. அவரைப் பற்றித்தான் பேசினான். தனக்கு மட்டுமே தெரிந்திருந்த பாரை ஊருக்கே தூக்கிக் கொடுத்த வள்ளல் என்றான். கடலுக்கடியில் முழுகிக் கிடக்கும் பாறைத் திட்டைத்தான் நாங்கள் பார் என்று சொல்வோம். ஜனம் கை தட்டியது. பக்கத்தில் இருந்த பெண் என் தொடையில் தட்டி, "ஆயா, உன் வூட்டுக்காரரைத்தான் சொல்றாங்க" என்றாள்.

"காது கேக்குதும்மா" என்றேன். அதற்கு மேல் பேச்சு வரவில்லை.

எனக்கு எப்போதும் இதே கதைதான். நாலு பேர் இருக்கும் இடத்தில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். மீன் விற்கப் போன காலத்தில்கூட எனக்குக் கூவத் தெரியாது. கூடையை இறக்கி வைத்துவிட்டு, யாராவது கேட்கட்டும் என்று நிற்பேன். அன்றைக்கும் எழுந்து போய், "வள்ளலும் இல்லை, ஒண்ணும் இல்லை, அந்தப் பாரைக் கொடுத்தவள் நான், ஏன் கொடுத்தேன் என்று கேளுங்கள்" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மணலைத் தட்டிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. அதனால் பேத்தி எழுதி மிச்சம் வைத்த நோட்டில் எழுதுகிறேன். மூணாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தேன். எழுத்தில் தப்பிருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். சேதியைத் திருத்த வேண்டாம்.

அப்போது பிரெஞ்சுக்காரன் காலம். நான் பிறந்தது பாகூர் கொம்யூனில், அதாவது பாகூர் வட்டாரத்தில், தெற்குக் கோடியில் ஒரு கடலோரக் குப்பம். வாக்கப்பட்டு வந்தது பூரணாங்குப்பத்துக்குக் கிழக்கே இருக்கும் இந்தக் குப்பத்துக்கு. எனக்குப் பதினாறு வயசு இருக்கும். வீட்டில் அவரும் அவர் அம்மாவான என் அத்தையும் நானும், மூன்றே பேர். என் அப்பா எனக்குப் போட்டு அனுப்பியது இரண்டு புடவை. ஒன்று அன்றாடம் கட்டுவது. இன்னொன்று மஞ்சள் நிறத்தில் சிவப்புக் கரை போட்ட கல்யாணப் புடவை. அந்தப் புடவையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அவர் வலைக்குப் போகமாட்டார். தூண்டில்காரர். மூன்று கட்டைகளைக் கயிற்றால் சேர்த்துக் கட்டிய சின்னக் கட்டுமரம் ஒன்று வைத்திருந்தார். ஒரு ஆள்தான் அதில் போகலாம். மண்டி போட்டு உட்கார்ந்து துடுப்புப் போடணும். அதற்கு விளிம்பு ஏது, தடுப்பு ஏது? அலை வந்தால் தொடை வரைக்கும் ஏறி மறுபக்கம் இறங்கிப் போகும். ஐப்பசி கார்த்திகை மழையெல்லாம் ஓய்ந்து மார்கழி பிறந்ததும் தண்ணீர் தெளியும். அப்போதுதான் பார் மீன் கூடும். வாடைக் காற்று முகத்தை அறுக்கிற அந்தக் காலத்தில்தான் அவர் விடிகிற நேரத்துக்கு மரத்தைத் தள்ளுவார். உச்சிப் பொழுதுக்குத் திரும்பி வரும்போது பாதமும் முழங்காலும் ஊறி, வெளுத்து, சுருங்கி, கிழவன் தோல் மாதிரி இருக்கும். நான் தவிட்டை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுப்பேன். கட்டையை அவிழ்த்து வெயிலில் காயப் போடுவதும் என் வேலைதான்.

ஆனால் மீன்! மற்ற வீடுகளில் நெத்தலியும் காரப்பொடியுமாகச் சின்ன மீனே இருக்கும்போது எங்கள் கூடையில் சங்கரா சிவப்பாகக் கிடக்கும். கலவா ஒன்றொன்றும் கைப்பிள்ளை கனம் இருக்கும். ஆழத்திலிருந்து இழுப்பதால் அதன் காற்றுப்பை வாய் வழியாகப் பிதுங்கிக்கொண்டு நிற்கும். தவளக்குப்பத்தில் கூடையை இறக்கினால் நான் கூவாமலே விற்றுப் போகும். கரும்பு போடுகிற பெரிய வீடுகளுக்குச் சில நாள் ஒதியம்பட்டு வரைக்கும் நடந்திருக்கிறேன். "இன்னாடி, உன் புருஷன் கடல்ல தனியா கெணறு வெட்டி வச்சிருக்கானா?" என்று ஒரு வீட்டம்மா கேட்பாள். நான் சிரிப்பேன். எனக்கும் அப்போது தெரியாது.

அந்தப் பார் அவருடைய அப்பா கண்டுபிடித்தது. எருமை படுத்திருக்கிற அளவுதானாம். பக்கத்திலேயே மரம் ஓட்டிப் போனாலும் தெரியாது. அது எங்கே இருக்கிறது என்பதைக் கரையைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கணும். கரையில் இரண்டு பொருள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கிற இடம் ஒரு கோடு. வேறு திசையில் இன்னும் இரண்டு பொருள் அப்படி நிற்கிற இடம் இன்னொரு கோடு. இரண்டு கோடும் சேருகிற இடத்தில் நங்கூரக் கல்லை இறக்கினால் பார். இந்த அடையாளத்தை எங்கள் ஜனத்தில் யாரும் வெளியே சொல்லமாட்டார்கள். அப்பன் பிள்ளைக்குச் சொல்வான், அதுவும் படுக்கையில் விழுந்த பிறகுதான். கூடப்பிறந்தவனுக்குக்கூடச் சொல்வது கிடையாது. பெண்டாட்டிக்கு என்றால் கேட்கவே வேண்டாம்.

எங்கள் குப்பத்தில் என் வீட்டுக்காரருக்குப் பங்காளி முறையில் அண்ணன் ஒருத்தர் இருந்தார். மூன்று மரமும் பெரிய வலையும் வைத்திருந்தவர். மைக்கில் பேசினானே, அவனுடைய தாத்தா. அவருக்கு இந்தப் பாரின் மேல் ஒரு கண். பல நாள் என் வீட்டுக்காரர் பின்னாலேயே மரம் விட்டுக்கொண்டு போவார். இவரும் லேசுப்பட்டவர் இல்லை. பாருக்குப் போகாமல் வெறும் தண்ணீரில் கல்லைப் போட்டு, இரை மாட்டாத தூண்டிலைத் தொங்கவிட்டு, அவர் சலித்துத் திரும்பும் வரைக்கும் காலை முழுக்க உட்கார்ந்திருப்பார். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். நானும் சிரித்திருக்கிறேன்.

கல்யாணம் ஆன இரண்டாம் வருஷம் கார்த்திகையில் ஒரு பெருங்காற்று அடித்தது. மணல்மேட்டின் மேல் ஒற்றையாக நின்ற பனை முறிந்து விழுந்தது. பனை விழுந்தது ஊருக்கெல்லாம் தெரியும். அதை அறுத்து ஆளுக்கொரு துண்டு எடுத்துக்கொண்டு போனார்கள். எங்களுக்கும் ஒரு துண்டு வந்தது. அதை வாங்கும்போது அவர் முகத்தைப் பார்த்தேன். பிணத்தைத் தூக்குகிற மாதிரி தூக்கினார்.

மார்கழி பிறந்தது. போனார். வெறுங்கூடையோடு வந்தார். மறுநாளும் அப்படியே. கல்லை இறக்கினால் மணல், நகர்ந்து போய் இறக்கினால் மறுபடியும் மணல். ஆறாவது நாள் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, அத்தை தண்ணிக்குப் போன நேரம் பார்த்து என்னிடம் சொன்னார். முதலில் கெங்கையம்மன் பேரில் என்னிடம் சத்தியம் வாங்கினார்.

"அந்தப் பனைதான்டி அடையாளம். பனையோட தலை, பின்னால தெரியிற மெத்த வூட்டு வெள்ளச் செவுத்து மேல நிக்கணும். அது ஒரு கோடு. பட்டணத்துக் கலங்கர வெளக்குக்குப் பின்னால மில்லுப் பொகைக்கூண்டு மறையணும். அது இன்னொண்ணு. இப்போ பனை இல்ல. கண்ணைக் கட்டிவிட்ட மாதிரி இருக்குது."

"அப்போ அந்த எடத்துல வேற எதனா நட்டா?" என்றேன்.

"நட்டா எல்லாம் பாப்பான். இன்னாத்துக்குன்னு கேப்பான். நான் போவ சொல்ல ஏத்தணும், நான் திரும்ப சொல்ல எறக்கணும். அதுக்கு ஆள் வேணும்."

என்னைப் பார்த்தார். வேறு யாரைப் பார்ப்பார்?

மறுநாள் இரண்டு மூங்கிலைச் சேர்த்துக் கட்டி, நுனியில் அவருடைய பழைய வேட்டியைக் கட்டினேன். பனை நின்ற குழியிலேயே ஊன்றினேன். உச்சிக்கு வந்தவர் தலையை ஆட்டினார். பின்னால் இருக்கிற சுவரும் வெள்ளை, மேட்டு மணலும் வெள்ளை, வேட்டியும் வெள்ளை. ஒன்றும் தெரியவில்லையாம். பெட்டியில் மஞ்சளாக ஒரு துணி இருந்தது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் வாய்விட்டுக் கேட்கவில்லை. நானே எடுத்துக் கொடுத்தேன். அன்றைக்கு எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. அடுத்த நாள் ஏழு கலவா வந்தது.

இருபது நாள் போல ஏற்றி இறக்கியிருப்பேன். வாடைக் காற்றில் முந்தி கிழிந்தது. முதலில் நூல் நூலாகப் பிரிந்தது, பிறகு ஒரு முழத்துக்குப் பட்டையாகத் தொங்கியது. ஒவ்வொரு நாளும் இறக்கி மடிக்கும்போது கிழிசலை விரலால் அளந்து பார்ப்பேன். சாயந்திரம் உட்கார்ந்து தைப்பேன். காலையில் மறுபடி ஏற்றுவேன்.

கண்ணில் படாமல் இருக்குமா? கிணற்றடியில் பெண்கள்தான் முதலில் கேட்டார்கள்.

"ஏம்மே, மேட்டு மேல ஏறி யாருக்குப் பொடவ காட்டுற?"

"காயப் போட்டேன்" என்றேன்.

"காயப் போடறதுக்கு ரெண்டு மூங்கி வேணுமா? உன் பொடவ இன்னா, மானத்துலதான் காயுமா?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குப் பொய் சொல்ல வராது. முகம் காட்டிக் கொடுத்துவிடும். குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அவர்கள் சிரிப்பில் விஷம் கிடையாது. விஷம் வைத்தவர் அந்தப் பங்காளி அண்ணன். அவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேராக நாட்டாரிடம் போனார்.

நாட்டார் என்றால் எங்கள் குப்பத்துத் தலைவர். அவர் கூட்டினால் பஞ்சாயத்து, அவர் சொன்னால் தீர்ப்பு. தை பிறந்து நாலைந்து நாள் இருக்கும். மீன் விற்று எல்லாரும் திரும்பிய பிறகு, வெயில் சாயும் நேரத்தில் கெங்கையம்மன் கோயில் முன்னால் கூட்டம். ஆண்கள் வட்டமாக உட்கார்ந்தார்கள். பெண்கள் வலைக் குவியலுக்குப் பின்னால் நிற்கணும். பேசக்கூடாது. ஒரு பெண்ணைப் பற்றின பஞ்சாயத்து என்றாலும் அவள் சார்பாகப் புருஷனோ அப்பனோதான் பேசணும். நான் அத்தை பக்கத்தில் நின்றேன். அத்தை என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். ஆதரவாகத்தான் பிடிக்கிறார் என்று நினைத்தேன்.

பங்காளி அண்ணன் எழுந்தார்.

"நாட்டாரே, எங்க தம்பி பொண்டாட்டி தெனம் மேட்டுல பொடவ ஏத்துது, எறக்குது. கடல்ல போற வர்றவனுக்கெல்லாம் தெரியுது. எல்லைக்கு அந்தாண்ட இங்கிலீசுக்காரன் சுங்கம் வச்சிக்கினு கீறான். கள்ளச் சரக்குப் படகு இந்தப் பக்கம் சுத்துதுன்னு ஊரே பேசுது. அதுக்குச் சாடை காட்டுதோ, வேற எவனுக்குச் சாடை காட்டுதோ, நமக்குத் தெரியாது. நாளைக்கு சொல்தா வந்து நம்ம மரத்தையெல்லாம் இழுத்துக்கினு போனா யாரு பதில் சொல்றது?"

பட்டணத்துப் போலீசை நாங்கள் சொல்தா என்போம். அந்தப் பேரைக் கேட்டதும் கூட்டம் கலங்கியது. 'வேற எவனுக்கு' என்பதைக் கேட்டதும் பெண்கள் பக்கம் எல்லாத் தலையும் என்னைப் பார்த்துத் திரும்பியது. கிணற்றடியில் சிரித்தவர்கள் இப்போது சிரிக்கவில்லை. ஒருத்தி தள்ளி நின்றாள்.

இப்போது யோசித்தால் எனக்குச் சந்தேகமே இல்லை. அவருக்கு அது என்ன என்று தெரியும். இத்தனை வருஷம் பின்னாலேயே சுற்றியவருக்கு, பனை நின்ற இடத்தில் துணி ஏறினால் அது எதற்கு என்று தெரியாதா? துணி தெரிந்தது, துணிக்குப் பின்னால் எதை வைத்துப் பார்க்கணும் என்பதுதான் தெரியவில்லை. அதைக் கறப்பதற்கு என் பேரைப் பிடித்து இழுத்தார். தூண்டிலில் இரை குத்துகிற மாதிரி என்னைக் குத்தினார்.

நாட்டார் என் வீட்டுக்காரரைக் கேட்டார். "இன்னாப்பா, உன் வூட்டுப் பொண்ணு எதுக்கு ஏத்துது? உனக்குத் தெரிஞ்சா, தெரியாமலா?"

அவர் மணலில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"உன்னைத்தான்டா கேக்குறேன். காரணம் சொல்லு, முடிஞ்சிடும். சொல்ல முடியலன்னா, பொண்ணைத் தாய் வூட்டுக்கு அனுப்பு. இந்த மேட்டுல அது காலு படக்கூடாது."

எனக்கு அப்போது என்ன தோன்றியது தெரியுமா? பயமே இல்லை. இதோ சொல்லிவிடுவார், எழுந்து, 'என் பொண்டாட்டியை எவன்டா சொன்னது' என்று கேட்பார், என்று காத்திருந்தேன். இத்தனை நாள் என் புடவையை ஏற்றி இறக்கியது யாருக்காக?

அவர் தலையைத் தூக்கினார். என்னைப் பார்க்கவில்லை, நாட்டாரைத்தான் பார்த்தார்.

"அனுப்பிடறேன்" என்றார். "மாசி கழிஞ்சதும் இட்டாந்துக்கிறேன்."

மாசியோடு பார் மீன் முடிந்துவிடும். கணக்காகத்தான் சொன்னார்.

இதைப் படிக்கிறவர்களுக்கு இரண்டு மாசம் அம்மா வீட்டில் இருந்துவிட்டு வந்தால் என்ன என்று தோன்றலாம். அன்றைக்கு ராத்திரி அவரும் அதைத்தான் கேட்டார். தானாகத் தாய் வீட்டுக்குப் போவது வேறு. பஞ்சாயத்துச் சொல்லி அனுப்பப்பட்டவள் வேறு. எவனுக்கோ சாடை காட்டினவள், புருஷனே அதை மறுக்கவில்லை என்ற பேரோடு நான் மூட்டையைத் தூக்கிக்கொண்டு எங்கள் குப்பத்துக்குள் நுழைந்தால், எனக்குப் பின்னால் இரண்டு தங்கைகள் கல்யாணத்துக்கு நின்றார்களே, அவர்களை யார் கட்டுவான்? என் அப்பா கடற்கரையில் எப்படி நிமிர்ந்து நடப்பார்? மாசி கழிந்து இவர் வந்து கூப்பிட்டால் அந்தப் பேர் போய்விடுமா? இதில் ஒன்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. அவர் கண்ணுக்குத் தெரிந்தது எருமை அளவு பாறை ஒன்றுதான்.

"நான் சொல்றேன்" என்று ஒரு குரல் கேட்டது. என் குரல்தான். கிழிந்த துணி மாதிரி, பாதி காற்றும் பாதி சத்தமுமாக வந்தது.

அத்தையின் பிடி இறுகியது. அப்போதுதான் தெரிந்தது, அவர் பிடித்திருந்தது ஆதரவுக்கு இல்லை, என்னைப் பேசவிடாமல் தடுக்க என்று. "வாயைத் தொறக்காதடி" என்று காதுக்குள் சொன்னார். கையை உதறினேன். வலைக் குவியலைச் சுற்றிக்கொண்டு வட்டத்துக்கு முன்னால் போய் நின்றேன். யார் முகத்தையும் பார்க்கவில்லை. அம்மன் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். அவள் பேரில்தானே சத்தியம் செய்தேன், அவளிடமே உடைக்கிறேன் என்று.

"அது பாருக்கு அடையாளம். பனை விழுந்துட்டுது. பொடவ நுனி மெத்த வூட்டு வெள்ளச் செவுத்து மேல நிக்கணும். பட்டணத்து வெளக்குக்குப் பின்னால மில்லுப் பொகைக்கூண்டு மறையணும். அங்க கல்லு எறக்கினா பார். எங்க வூட்டுக்காரருக்குத்தான் ஏத்தினேன். வேற எவனுக்கும் ஏத்தல."

ஒரு மூச்சில் சொல்லி முடித்தேன்.

பின்வரிசையில் யாரோ மெதுவாக, "அட, அந்த வெள்ளச் செவுரா!" என்றான். அவ்வளவுதான். எல்லார் கண்ணும் என்னை விட்டுவிட்டுக் கடல் பக்கம் போனது. என் மானம், கள்ளச் சரக்கு, சொல்தா, எல்லாம் ஒரே நொடியில் மறந்து போனது. பங்காளி அண்ணன் உதட்டை அசைத்து அடையாளத்தை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார். நாட்டார் துண்டை உதறித் தோளில் போட்டார். "பொண்ணு மேல குத்தமில்ல. கலையலாம்பா."

அவ்வளவுதான். தப்பாகப் பேசிவிட்டோம் என்று ஒருத்தன் சொல்லவில்லை. பேசினவனைப் பார்த்து, 'ஏன்டா அப்படிச் சொன்னே' என்று ஒருத்தன் கேட்கவில்லை. பெண் பிள்ளை வட்டத்துக்குள் வந்து பேசிவிட்டாள் என்று மட்டும் இரண்டு கிழவர்கள் முணுமுணுத்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அவர் கேட்டார். "ரெண்டு மாசம்டி. ஒங்க ஆயி வூட்ல ரெண்டு மாசம் குந்தியிருந்தா தேஞ்சா பூடுவே? எங்கப்பன் குடுத்த பாரு. ஒரு நொடியில அள்ளி எறைச்சிட்டியே."

அத்தை அடுப்படியில் தலையில் அடித்துக்கொண்டார்.

வட்டத்தில் பேசியதோடு என் பேச்சு தீர்ந்துவிட்டது. புடவையைக் கழியிலிருந்து அவிழ்த்து, துவைத்து, மடித்துப் பெட்டியில் வைத்தேன். பாதிப் புடவைதான் அது. முந்தி இல்லை.

மறுநாள் விடியும்போது பதினோரு மரம் போனது. நான் எண்ணினேன். அவருடைய மரமும் அதில் ஒன்று, எல்லாருக்கும் பின்னால். பனை இருந்த குழியில் ஊர் சார்பாக ஒரு நெட்டைச் சவுக்குக் கழி நட்டார்கள். அதன் மேல் பழைய பாய்த் துணியைக் கட்டினார்கள். அந்தத் தை முழுக்க அவர் என்னோடு பேசவில்லை. ஒத்தடத்துக்குக் காலை நீட்டுவார். நான் கொடுப்பேன். ஏன் கொடுத்தேன் என்று கேட்டால், ஊறின கால் என்ன தப்புச் செய்தது? அதற்குமேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அடுத்த மழைக்காலம் வந்து போனது. மார்கழி பிறக்கும்போது ஒரு காலை பங்காளி அண்ணன் எங்கள் வாசலில் வந்து நின்றார். அவர் அதற்கு முன்னால் எங்கள் வாசலை மிதித்தே இல்லை.

"பொண்ணே, அந்தப் பாய்த் துணி சேறு மாதிரி இருக்குது, தூரத்துக்குத் தெரியல. உன் மஞ்சப் பொடவ தெரிஞ்ச மாதிரி எதுவும் தெரியலன்னு எல்லாம் சொல்றானுங்க. இருந்தா குடு. ஊருக்குத்தானே."

வீட்டுக்காரர் உள்ளே தூண்டில் நூல் முறுக்கிக்கொண்டிருந்தார். முறுக்குவது நின்றது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடியே சொன்னேன்.

"ஒங்க வூட்ல அக்கா கட்டற பொடவ இல்லிங்களா மாமா? அதைக் கட்டுங்க. நான் ஏத்தினா சாடைம்பீங்க. அக்கா பொடவ பறந்தா யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க."

அவர் முகம் போன போக்கை நான் பார்க்கவில்லை, பார்க்க முடியாது என்னால். செருப்பு மணலில் திரும்புகிற சத்தம்தான் கேட்டது. இரண்டு நாள் கழித்து மேட்டில் ஒரு சிவப்புப் புடவை பறந்தது. அவர் பெண்டாட்டியுடையதுதான். அந்த அக்காவிடம் கேட்டாரோ, கேட்காமல் எடுத்தாரோ, எனக்குத் தெரியாது. ஒரு பெண்ணின் புடவை இரவும் பகலும் கடலைப் பார்த்துப் பறந்தது. எந்த நாட்டாரும் கூட்டம் போடவில்லை. எந்த சொல்தாவும் வரவில்லை. கிணற்றடியில் யாரும் சிரிக்கவில்லை. இதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

பதினோரு மரம் ஏறி மிதித்தால் எருமை முதுகில் எத்தனை மீன் நிற்கும்? சிவப்புப் புடவை பறந்த அந்த வருஷம் மாசிக்குள்ளேயே கலவா குறைந்து போனது. அதற்கும் என்னைத்தான் சொன்னார்கள். வள்ளல் என்கிற பேர் அவருக்கு எப்போது வந்தது என்று எனக்குத் தெரியாது. அவர் செத்த பிறகு வந்திருக்கும். உயிரோடு இருந்தபோது யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் அவரே அடிக்கப் போயிருப்பார்.

அவரைக் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். குடிக்கமாட்டார், கை நீட்டமாட்டார். ஆனால் 'அனுப்பிடறேன்' என்றது அவர் வாய்தான். அதைச் சொன்னது தப்பு என்று சாகும்வரை அவர் சொன்னதில்லை.

ஒருநாள் மட்டும் கிட்டத்தில் வந்தார். கலவா குறைந்த அந்த மாசியின் கடைசியில், உச்சிப் பொழுதில் மரத்தைக் கரையேற்றிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தார். கூடையில் நாலு கலவா, பெரிதாக. யாருக்கும் அன்றைக்குக் கலவா கிடைக்கவில்லை. கட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்த என் பக்கத்தில் குனிந்து, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்.

"தெக்கால இன்னொண்ணு கீது, கண்டுபுடிச்சிட்டேன். அடையாளம் உன்கிட்ட மட்டும் சொல்றேன், கேளு."

பெண்டாட்டிக்குச் சொல்லாத ஜாதியில் பிறந்தவர், தானாக வந்து சொல்கிறார். அது அவருக்கு எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. கயிற்றை அவிழ்ப்பதை நான் நிறுத்தவில்லை.

"எனக்குச் சொல்லாத" என்றேன். "என்கிட்ட மிச்சம் இருக்கறது கட்டியிருக்கற ஒரே பொடவ."